பாடத்தை மாற்ற முதல் கோப்பின் பெயரைப் பாருங்கள்



உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இதை எழுதுகிறோம். "டீச்சர், எனக்கு பைதன் சரிவராது, பாடத்தை மாத்தப்போறன்" என்று வரும் பிள்ளைகளில் சிலருக்குப் பிரச்சினை படிப்பில் இல்லை. கோப்புக்கு வைத்த பெயரில்தான் இருக்கிறது.

பைதனில் எல்லாச் சார்புகளும் எடுத்த எடுப்பில் கைக்கு வராது. வர்க்கமூலம் காண வேண்டுமென்றால் முதலில் 'இம்போர்ட் மத்' என்று எழுதி, மத் என்ற மொட்யூலை அழைக்க வேண்டும். மொட்யூல் என்பது பலருக்கும் உதவும் சார்புகளைச் சேர்த்து வைத்த ஒரு தொகுதி. அழைத்த பிறகும் வெறுமனே 'எஸ்கியூஆர்டி' என்றால் பைதனுக்கு விளங்காது. 'மத்' என்று எழுதி, புள்ளி வைத்து, அதற்குப் பிறகு சார்பின் பெயரை எழுத வேண்டும்.

ஏன் இந்தப் புள்ளி? வகுப்பு இடாப்பில் இரண்டு பாத்திமா, இரண்டு கஜன் இருந்தால் முதலெழுத்தை வைத்துத்தானே கூப்பிடுகிறோம். தர்மபுரம் என்றால் தமிழ்நாட்டில் மயிலாடுதுறை ஆதீனம் நினைவுக்கு வரும். எங்களுக்குப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருக்கும் எங்கள் ஊர். பெயர் ஒன்று, இடம் வேறு. ஒரு பெயர் எந்த இடத்துக்குச் சொந்தம் என்று பிரித்து வைப்பதைத்தான் பெயர்வெளி என்கிறார்கள்.

புள்ளி வைக்கப் பஞ்சிப்பட்டு, 'ஃப்ரொம் மத் இம்போர்ட்' என்று எழுதி நட்சத்திரக் குறி போடும் பிள்ளைகள் உண்டு. அப்போது எல்லாப் பெயரும் முதலெழுத்து இல்லாமல் உள்ளே வந்துவிடும். அடுத்த வரியில் சிக்கலெண்களுக்கான 'சீமத்' மொட்யூலையும் அப்படியே அழைத்தால், அதிலும் எஸ்கியூஆர்டி இருக்கிறது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும். வழுச் செய்தி வராது. 4இன் வர்க்கமூலம் 2 என்று வராமல், கற்பனைப் பகுதியும் சேர்ந்த சிக்கலெண்ணாக வரும்.

இதைவிடக் கரைச்சல் இன்னொன்று. தாயக்கட்டை உருட்டும் செய்நிரல் எழுதும் பிள்ளை, தன் கோப்புக்கே 'ரண்டம்' என்று பெயர் வைத்துவிடும். 'இம்போர்ட் ரண்டம்' என்றதும் பைதன் அந்தப் பிள்ளையின் கோப்புறையில்தான் முதலில் தேடும். அங்கே கிடைக்கும் பிள்ளையின் கோப்பையே மொட்யூல் என்று எடுத்துவிடும். அதற்குள் எழுமாறாக எண் தரும் சார்பு எங்கே இருக்கும்? வழு வரும். பலர் பாவிக்கும் கணினியில், ஒரு பிள்ளை விட்டுப்போன இந்தக் கோப்பு, அதே கோப்புறையில் வேலை செய்யும் அடுத்த பிள்ளையையும் மறிக்கும். அந்தப் பிள்ளை எழுதியதோ முழுக்கச் சரி!

வழுச் செய்தி ஆங்கிலத்தில் வரும். தமிழில் படிக்கும் பிள்ளை தன்னில்தான் குறை என்று நினைத்துவிடும். 2024 ஒக்டோபரில் வெளிவந்த பைதன் 3.13, கோப்பின் பெயரை மாற்றிப் பார் என்று செய்தியிலேயே சொல்கிறது. பழைய பதிப்புகளில் அந்த உதவி இல்லை.

ஆகவே பிள்ளைகளே, ஆளுக்கொரு கோப்புறை வைத்திருங்கள். கோப்புக்கு 'தாயம்1' போல உங்கள் சொந்தப் பெயர் வையுங்கள். புள்ளியை விடாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளை பாடத்தை விடப்போகிறேன் என்றால் கையெழுத்து வைக்க முதல் கோப்புறையை ஒருக்கால் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் கணினி இல்லாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.