முருகனுக்குப் பகடை உருட்டலாமா?

சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் கூடும் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழுவுக்கு நான்தான் டிஎம். கதைசொல்லி, நடுவர் ரெண்டும் நானே. போன மாதம், இல்யூஷன் மந்திரவாதியாக ஆடும் நண்பன் ஒரு தெய்வத்தின் முன்னால் போலி உருவத்தை நிறுத்திவிட்டு, "ஏமாறுமா பாரு, பகடைய உருட்டு" என்றான்.

ஐந்தாம் பதிப்பின் விதி இதில் கறார். சாதாரண ஆசாமி அந்த உருவத்தை உற்றுப் பார்த்து, இருபது முகப் பகடையில் மந்திரவாதியின் எண்ணை எட்ட வேண்டும். 'ட்ரூசைட்' உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். தெய்வத்துக்கு ட்ரூசைட் இல்லாமலா? "உருட்டவே வேணாம், ஏமாறாது" என்றேன்.

"அப்ப இவ்ளோ நாள் நான் எதுக்குடா இல்யூஷனிஸ்ட்?"

நியாயமான கேள்விதான். எனக்குக் கந்தபுராணம் ஞாபகம் வந்தது. நான் பொம்மையார்பாளையத்தில் ஆயா வீட்டில் வளர்ந்தவன். லீவு விட்டால் மயிலம் கோயில். தோற்ற சூரபத்மன் முருகனுக்கு வாகனமாக வேண்டி, மயில் வடிவ மலையாகத் தவமிருந்த இடம் என்பார்கள். அந்தக் கதையெல்லாம் ஆயா சொல்லிக் கேட்டதுதான்.

சூரனின் அம்மா பெயரே மாயை. பிள்ளைகளுக்கு வேறென்ன வரும்? கிரௌஞ்ச மலை வீரபாகுவையும் படையையும் உள்ளே இழுத்து மயக்கிப் போட்டது. முருகனின் தளபதிக்கே அந்தக் கதி. முருகன் வேலை எறிந்து மலையைப் பிளந்தான். இதுவரை என் தீர்ப்பு சரி.

யுத்த காண்டத்தில்தான் உதைக்கிறது. முருகன் சூரனுக்கு விசுவரூபம் காட்டுகிறான். சூரனுக்குக் கோபமெல்லாம் போய், கும்பிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கலாம். முருகனோ உருவத்தைச் சுருக்கி, கொடுத்த தெளிவையும் திரும்ப வாங்கிக்கொள்கிறான். சூரன் மறுபடி சண்டைக்கு வருகிறான், இருளாகிறான், கடைசியில் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். சின்ன வயதில் இந்த இடம் வந்தாலே எனக்கு எரிச்சல். கொடுத்துவிட்டு ஏன் பிடுங்க வேண்டும்?

ஆயாவுக்கு நினைவு தப்பி மூன்று வருடமாகிறது. பெரிய மாமா ஈசிஆரில் பைக் விபத்தில் போய் ஒன்பது வருடம். என்னை முதல் தடவை "பெரியவனா?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். மாமா அன்றைக்குத்தான் செத்ததுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை "ஆமாம்மா" என்றேன். ஆயா முகம் தெளிந்ததைப் பார்க்கையில் எதையோ திருடியதுபோல இருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "செத்தவன் பேர்ல பொய் சொல்லாதடா" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் போகும்போதெல்லாம் மாமாவாகவே உட்கார்ந்தேன், அவர் மாதிரி ஒரு காலை மடித்து.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது வவ்வா மீன் குழம்பு. ஆயாவே முள் எடுத்து, "துன்னு பெரியவனே" என்று தட்டில் வைத்தது. ரெண்டு துண்டு தின்றுவிட்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவனுக்கு வவ்வா புடிக்காது" என்றது.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆயா இன்னொரு துண்டை எடுத்து முள் பார்த்து வைத்தது. "நீ துன்னு, பெரியவனே."

அடுத்த சனிக்கிழமை நண்பனிடம் என் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். தெய்வம் ஏமாறவில்லை. ஆனால் அந்தப் போலி உருவத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டியா என்று கேட்டது.

"இது எந்த ரூல்புக்ல இருக்கு?" என்றான்.