சாத்தூர் வெள்ளரியும் கனடாப் பூசணியும்

கனடா போய் வந்தவர்கள் எல்லாரும் நயாகராவைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப் போவது பூசணிக்காயைப் பற்றி. சிரிக்காதீர்கள் சகோதரிகளே! அங்கே இருந்த ஐந்து மாதத்தில் நான் அதிகமாகப் பார்த்தது அதைத்தான்.

என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்ட்சர் என்ற சின்ன ஊரில் இருக்கிறார்கள். ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் அவளுடைய தலைப் பிரசவத்துக்கு 2024 மே மாதம் நான் புறப்பட்டுப் போனேன். சாத்தூரில் அக்னி நட்சத்திரம் கொளுத்திக் கொண்டிருந்தது. அங்கேயோ ஸ்வெட்டருக்குள்ளேயும் பல் கிடுகிடுத்தது.

ராட்சசப் பூசணிக்கு விதை கொடுத்த ஊர் அது என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஹோவர்ட் டில் (1934-2008) என்ற விவசாயி, பெரிய காய்களாகப் பார்த்துப் பார்த்து மகரந்தம் சேர்த்து, 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற ரகத்தை அங்கே உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு வருஷம் உலகப் போட்டியில் முதல் இடம் அவருக்குத்தான். 1981இல் அவர் விளைவித்த காய் 224 கிலோ. அன்றைக்கு அது உலக சாதனை. இன்றைக்கு அது வெறும் பிஞ்சு! 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர்கள் இரண்டு பேர் கொண்டு வந்த காய் 1,278 கிலோ. ஒரு மாருதி ஆல்ட்டோ காரைவிடக் கனம். போட்டிக்கு வளர்க்கிற காய்கள் பெரும்பாலும் அந்த வின்ட்சர் விதையின் வம்சம்தான். 1999 முதல் பல வருஷம் இந்தக் காய்களைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து, ஏரியில் படகுப் போட்டி கூட நடத்தியிருக்கிறார்கள்.

தங்கையின் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் இதே பைத்தியம். எழுபது வயது தாண்டியவர், தனிக்கட்டை. ஏப்ரல் கடைசியில் விதையின் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, ஊற வைத்து, வீட்டுக்குள்ளேயே தொட்டியில் முளைக்க வைத்திருந்தார். வெளியே போட்டால் உறைபனி கருக்கிவிடும். மே கடைசியில் நட்ட பிறகும் நாற்றுக்கு மேலே பிளாஸ்டிக் கூடாரம். ஒரே ஒரு கொடிக்கு ஒரு சென்ட் இடம்! பக்கக் கொடிகளை மீன் முள் மாதிரி இருபுறமும் ஓடவிட்டு, கணுவுக்குக் கணு மண் அணைத்தார். அந்தக் கணுக்களிலும் வேர் இறங்கித் தண்ணீரை உறிஞ்சுமாம்.

ஜூன் இரண்டாம் வாரம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். ஆனால் மூன்று வாரம் ஆன பிறகும் அவள் காரணமில்லாமல் அழுதாள். சாப்பாடு இறங்கவில்லை. குழந்தை தூங்கினாலும் இவள் விழித்திருந்தாள். "எனக்கு எதுவுமே பிடிக்கலைக்கா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் பக்கமாக இருந்தால் காத்துக் கருப்பு என்று மந்திரித்திருப்பார்கள். அங்கே டாக்டரம்மா பத்துக் கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். எடின்பரோ கேள்வித்தாள் என்று பேர், 1987இல் வந்ததாம். முதல் இரண்டு வாரம் அழுகை வருவது பலருக்கும் சகஜம், அதற்கு மேலும் நீடித்தால் வைத்தியம் வேண்டும் என்று விளக்கிச் சொல்லி, வாரம் ஒரு முறை ஆலோசனைக்கு வரச் சொன்னார். தினமும் காலையில் கொஞ்சம் வெளியே நடக்கணும் என்றார்.

இவளோ வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள்.

அப்போதுதான் பூசணி பூத்தது. பெரியவருக்கு மூட்டு வலி, குனிய முடியவில்லை. வேலி ஓரம் நின்ற என்னை உதவிக்குக் கூப்பிட்டார். பூவுக்கு அடியில் குண்டாகப் பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ என்பது சாத்தூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எனக்கு இங்கிலீஷ் தகராறு. அவர் பேசுவதைத் தங்கைதான் சொல்ல வேண்டும். ஆகவே விடிந்தும் விடியாமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் வந்தாக வேண்டியதாயிற்று! ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவில் தடவினேன்.

பத்து நாளில் நாலைந்து பிஞ்சு பிடித்தது. அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பறிக்கச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. நான் பிறந்தது சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். வெள்ளரிதான் எங்களுக்குச் சோறு போட்டது. இருட்டோடு போய்ப் பிஞ்சாகப் பறித்துக் கூடையில் அடுக்கி, பஸ் ஸ்டாண்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்போம். ஒரு நாள் பறிக்கத் தவறினால் காய் முற்றிவிடும், கொடியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். இவரோ கொடியின் சத்து முழுவதும் ஒரே காய்க்குப் போக வேண்டும் என்கிறார்!

பறித்த பிஞ்சை எறிய மனசில்லை. மருந்து அடிக்காத கொடி என்று கேட்டுக்கொண்டு, பாசிப்பருப்பு, சீரகம், தேங்காய் போட்டுக் கூட்டு வைத்தேன். பச்சை உடம்புக்காரிக்குப் பூசணி குளிர்ச்சி, ஆகவே ஆகாது என்று என் மாமியார் சாத்தூரிலிருந்து போனில் சத்தம் போட்டார். டாக்டரம்மா எல்லாமே சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார். தங்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் அந்தக் காய் ஊதிய ஊதலைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பெரிய காய்கள் ஒரே நாளில் இருபது கிலோ வரை ஏறுமாம். அடியில் மணல் பரப்பி, தோல் வெயிலில் இறுகிவிடாதபடி மேலே போர்வை போட்டு வைத்தோம். தங்கை தினமும் டேப் வைத்துச் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதினாள். குளிர் தேசத்தில் எப்படி இவ்வளவு வளர்ச்சி என்று கேட்டேன். கோடையில் அங்கே பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். இலை நெடுநேரம் வெயிலில் சர்க்கரை செய்கிறது. ராத்திரி குளிர்ச்சியாக இருப்பதால் அந்தச் சர்க்கரை வீணாகச் செலவாகாமல் காய்க்குப் போகிறது. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணியைச் சுற்றித்தான், ராத்திரியும் புழுக்கம். செடிக்கும் நம்மைப் போல மூச்சு வாங்கியே சத்துப் போய்விடுகிறது.

செப்டம்பரில் ஒரு ராத்திரி விடாத மழை. தண்ணீர் அதிகம் குடித்தால் காய் வெடித்துவிடும். உள்குழி தெரிய ஓட்டை விழுந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். காலையில் நான் எழுந்து பார்த்தால் தங்கையின் படுக்கை காலி. பதறிப் போய் ஜன்னலைத் திறந்தேன். அவள் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக் காயைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துக் கொண்டிருந்தாள். "வெடிக்கலைக்கா!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

அக்டோபர் முதல் வாரம் எடை போட்டார்கள். 318 கிலோ. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர் குழந்தையைக் காய் மேல் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்.

ருசி எப்படி என்று கேட்பீர்களே? முற்றிய காய் ஒரே தண்ணீரும் நாருமாக இருந்தது. மாட்டுக்குப் போயிற்று. விதை கொஞ்சம் எடுத்துப் போகிறாயா என்று தங்கை கேட்டாள். வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் நம் நாட்டுக்குள் கொண்டு வரக் கூடாது, அதோடு நோயும் வந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

பரங்கி, சர்க்கரைப் பூசணி, அரசாணி என்று ஊருக்கொரு பேர் சொல்லும் நம் பூசணிக்கு ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் தோது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழெட்டுக் கிலோ காய்க்கும். கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோதான். நான் கொல்லையில் கோ 2 போட்டிருக்கிறேன். எங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைப் புளிக்குழம்புக்கு ஒரு காய் சரியாக இருக்கிறது.