அப்பாவின் வயலினில் ஸ்விங்

எங்கள் தந்தையார் நாற்பதாண்டுக் காலம் பக்கவாத்தியக்காரராகவே இருந்தவர். தனிக்கச்சேரி செய்ததில்லை, செய்ய விரும்பியதாகவும் நினைவில்லை. பாடகர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் எடுக்கும் இடத்தில் விட்டுவிடுவதே தம் தொழில் என்பார். அவர் மறைந்த பின் பதினோரு ஆண்டுகள் அந்த வயலினின் பிரடைகளை நாங்கள் தொடவேயில்லை. அண்ணனும் தங்கையுமான நாங்கள் இருவரும் அவரிடம் வர்ணம் வரை கற்று, பிறகு படிப்பு, வேலை என்று கைவிட்டவர்கள். தந்திகள் தளர்ந்துவிட்டிருந்தாலும், அவர் சேர்த்துவிட்டுப் போன சுருதி அதற்குள் அப்படியே இருப்பதாக ஒரு பாவனை எங்களுக்கு.

அந்தப் பாவனையைக் கலைத்ததும் அவருடைய ஒலிநாடா ஒன்றுதான். எல். சுப்பிரமணியமும் பிரெஞ்சு வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் இணைந்து வாசித்து 1984-இல் வெளிவந்த 'கான்வர்சேஷன்ஸ்'. சுப்பிரமணியத்துக்காக அதை வாங்கியிருப்பார் என்பதில் ஐயமில்லை. நாங்களோ மற்ற வயலினில் சிக்கிக்கொண்டோம். எழுபதைக் கடந்த ஒரு மனிதரின் வில் இவ்வளவு எடையற்று ஓட முடியுமா என்பதே முதலில் எழுந்த வியப்பு. அங்கிருந்து பின்னோக்கித் தேடிச் சென்று 1930-களின் பாரிஸில் போய் நின்றோம்.

கிராப்பெல்லி 1908-இல் பாரிஸில் பிறந்தவர். இளமையில் கட்டிட முற்றங்களில் வாசித்துக் காசு தேடியவர். ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்தவர். 1934-இல் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுடன் அவர் சேர்ந்து உருவாக்கிய குழுவில் மூன்று கிதார்கள், ஒரு டபுள் பாஸ், ஒரு வயலின், அவ்வளவே. முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. இரண்டு கிதார்கள் தாளத்தைத் தாங்கிக்கொள்ள, மேலே வயலினுக்கு வானமே திறந்துகிடந்தது. தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போன ஜாங்கோவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது அவர் பக்கத்தில் நின்றவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரடையைத் திருகினோம். நம் வயலினின் நான்கு தந்திகள் ச, ப, ச, ப என்று அமைவன. அங்கே ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்தையதன் பஞ்சமம். இரண்டு தந்திகள் அவருடைய இடத்தைவிட்டு நகர்ந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

1937-இல் பதிவான 'மைனர் ஸ்விங்' என்ற உருப்படியை எடுத்துக்கொண்டோம். கணினியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கிராப்பெல்லியின் வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாக எழுதினோம். அடிப்படையில் மூன்றே ஸ்வரக்கூட்டுகள். இரண்டு அலகுகளுக்கொரு முறை காலடித் தரை மாறும். ஒரே ஸ்வரம் முதல் கூட்டின்மேல் ஷட்ஜம், அடுத்ததன்மேல் பஞ்சமம், மூன்றாவதன்மேல் அமைதியற்ற மத்யமம். ஆதார சுருதியைத் தாய்மடியாகக் கொண்டு வளர்ந்த செவிக்கு இது ஓடும் ரயிலில் நின்றுகொண்டு காப்பி ஆற்றுவது போன்றது. ஆயினும் அது பழகிவிட்டது. பழகாதது வேறொன்று.

ஸ்விங்கில் இரட்டை ஸ்வரங்கள் சமமாக விழுவதில்லை. முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் வரும். தாளம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, உடனே கணக்குப் போட்டோம்: இது திஸ்ர நடை, 'தகிட'வின் நடு எழுத்தை விழுங்கிவிட்டால் தீர்ந்தது. அப்படியே வாசித்துப் பதிவு செய்து கேட்டபோது, நொண்டிக்குதிரை ஒன்று பாரிஸ் வீதியில் போய்க்கொண்டிருந்தது. கணக்கு முழுப்பிழையும் அன்று. மெதுவான பாட்டில் அந்த விகிதம் திஸ்ரத்தை நெருங்குகிறது. வேகம் ஏற ஏறச் சமத்தை நோக்கி நகர்கிறது. கணக்கில் நிற்காத அந்த நகர்வில்தான் நடையின் உயிர் இருந்தது.

பல மாதங்கள் கழித்துத்தான் குற்றம் வில்லில் இருக்கிறது என்று கண்டோம். தட்டு விழும் இடத்திலெல்லாம் நாங்கள் வில்லைத் திருப்பிக்கொண்டிருந்தோம். கிராப்பெல்லியோ பல இடங்களில் தட்டுக்கு முந்திய குறுஸ்வரத்தில் வில்லைத் திருப்பி, அதே வீச்சில் தட்டைக் கடந்து அடுத்த நெடுஸ்வரத்துக்குள் வழுக்கிச் சென்றுவிடுகிறார். அழுத்தம் தட்டின்மேல் விழாமல் அதன் வாசற்படியில் விழுகிறது. சில ஸ்வரங்களை வில் தொட்டும் தொடாமலும் போகிறது. அவை கேட்கப்படுவதைவிட ஊகிக்கப்படுகின்றன. வில்லின் நடுப்பகுதிக்கு மேலே, சிறு சிறு அளவில், மணிக்கட்டு மட்டும் அசைய இதைப் பழகினோம். நான்கு தட்டுகளில் இரண்டையும் நான்கையும் கைதட்டிக்கொண்டே நடந்தோம். சமத்தில் இறங்கியே பழகிய கைகள் பத்தடி தாண்டுவதற்குள் ஒன்றுக்கும் மூன்றுக்கும் திரும்பிவிடும்.

இடக்கையின் தொல்லை வேறு. நெடுஸ்வரம் எதைக் கண்டாலும் எங்கள் விரல் கம்பிதம் கொடுக்கும். ஸ்வரத்தைக் கீழிருந்து ஒரு சிறு வழுக்கலோடு அடைந்து, சற்று நேரம் அசைக்காமல் நிறுத்தி, முடியும் தறுவாயில் மட்டும் மெல்ல அதிரச் செய்யும் அந்தச் சிக்கனம் எங்களுக்கு வறுமையாகவே முதலில் பட்டது.

இந்த இடத்தில் எங்களுக்குள் பிளவும் உண்டாயிற்று. எங்களில் இளையவளுக்கு ஸ்டஃப் ஸ்மித்தின்மேல் பித்து. 1936-இல் நியூயார்க்கின் 52-ஆம் தெருவில், ஆனிக்ஸ் கிளப்பில் மின்பெருக்கிய வயலினோடு நின்று முரட்டுத்தனமாக வாசித்த கலைஞர் அவர். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தை முன்மாதிரியாகக் கொண்டவர். கிராப்பெல்லி பட்டு, ஸ்மித் காய்ந்த விறகு. பட்டில் குளிர்காய முடியாது என்பது இளையவளின் கட்சி. (வில்லின் ரோமத்தைக் கழற்றி, தந்திகளின்மேல் சுற்றிக் கட்டி, நான்கையும் ஒருசேர ஒலிக்கவைத்த ஜோ வெனுட்டியின் வித்தையில் மட்டும் இருவரும் உடன்பட்டோம். தந்தையாரின் வில்லில் அதைச் செய்துபார்க்கத் துணியவில்லை.) எடி சவுத் என்ற கறுப்பினக் கலைஞர் 1937-இல் பாரிஸில் கிராப்பெல்லியோடு சேர்ந்து பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவை ஸ்விங்காக வாசித்த பதிவு எங்களைச் சமாதானப்படுத்தியது. இரண்டு வயலின்கள் சண்டையின்றி ஒரே அறையில் இருக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் வயலின் குரலைப் பின்பற்றி வளர்ந்தது, ஸ்மித்தின் வயலின் எக்காளத்தை. ஆகவே இரண்டும் ஒட்டாது என்று ஒரு முடிவுக்கு வந்து, ஏறக்குறைய கைவிட்டிருந்த வேளையில் ஒரு பழைய கச்சேரிப் பதிவு கையில் கிடைத்தது. தந்தையாரின் பக்கவாத்தியம். பாடகர் கல்யாணியை விரிக்கிறார்; வயலின் நிழலாகத் தொடர்கிறது. எத்தனையோ முறை கேட்டதுதான். இம்முறை எங்கள் செவி வேறாகியிருந்தது. பாடகர் ஒரு ஸ்வரத்தில் அமர்ந்து கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பிறகே தந்தையார் அங்கு வந்து சேர்கிறார். ஒவ்வொரு முறையும் அதே தாமதம். சோம்பல் இல்லை, தடுமாற்றம் இல்லை. பிடியின் முடிவில் இருவரும் ஒன்றாகவே இறங்குகிறார்கள்.

மெதுவான பாடல்களில் கிராப்பெல்லி செய்வதும் இதுதான். கிதார்கள் தட்டை வைத்துவிட்டுப் போகின்றன. அவருடைய நெடுஸ்வரம் ஒரு நூலிழை பின்னால் வருகிறது. சொற்றொடரின் முடிவில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. தனிவாசிப்பின் சிகரம் என்று நாங்கள் எண்ணிச் சென்ற இடத்தில் ஒரு பக்கவாத்தியக்காரரின் பொறுமை உட்கார்ந்திருந்தது.

அன்றிரவு நாங்கள் வாசித்த பதிவு நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டோம். குதிரை நொண்டவில்லை, அவ்வளவுதான். கிதார் பதிவை ஓடவிட்டு, அதைப் பாடகராகப் பாவித்து, தந்தையார் போலவே கொஞ்சம் காத்திருந்து வாசித்தோம்.

இப்போதும் ஆண்டுக்கொரு முறை, அவருடைய திதிக்கு முந்தைய நாள், தந்திகளை ச-ப-ச-பவுக்குத் திருப்பிவிட்டு அவர் கற்பித்த வர்ணமொன்றை வாசிக்கிறோம். இரண்டு நாள் கழித்து மீண்டும் மாற்றுகிறோம். பிரடைகள் இதனால் தேய்ந்து வழுக்கத் தொடங்கிவிட்டன. சுண்ணக்கட்டி தடவிச் சமாளிக்கிறோம். சென்ற முறை மாற்றும்போது இளையவள் கேட்டாள்: "அப்பா இருந்திருந்தா இதைக் கேட்டுண்டு என்ன பண்ணிருப்பார்?"

தாளம் போட்டிருப்பார். ஒன்றிலும் மூன்றிலும்.