பதின்மூன்றரை டிகிரி வழக்கு

பச்சைக் காயாகக் கப்பலேறிய வாழை, பழுத்துக் குழைந்து கரையிறங்கினால் யார் பொறுப்பு? தேனி லட்சுமிபுரம் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினையும் வாய்க்கால் தகராறும் நடத்திக்கொண்டிருந்த என்னை, சென்னை வணிக நீதிமன்றத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்கு எதிராக நிறுத்தியது இந்தக் கேள்விதான். கம்பம் பள்ளத்தாக்கில் வெளிநாட்டுக்குக் காய் அனுப்புகிற, அனுப்ப நினைக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த வழக்கின் சங்கதி தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது 2022, 2023ஆம் ஆண்டுகளில். என் கட்சிக்காரர்கள் சின்னமனூர்ப் பக்கத்து வாழை விவசாயிகள். சிலர் ஒன்றுகூடி ஒரு ஏற்றுமதி நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்ததால் எந்தத் தரப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டதிலிருந்து லோயர் கேம்ப் வழியாக இறங்கும் தண்ணீர்தான் எங்கள் பள்ளத்தாக்கின் உயிர். நெல், திராட்சை, தென்னையோடு இன்று கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை கண்ணில் படுவது திசு வளர்ப்பு ஜி9 வாழை. வளைகுடா நாடுகளுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் காய்தான். முக்கால் பருவம் தாண்டியதும் தாரை வெட்டி, தரையில் படாமல் பேக் ஹவுஸுக்குக் கொண்டுவருகிறார்கள். சீப்புச் சீப்பாகப் பிரித்து, படிகாரத் தண்ணீரில் பால் போகக் கழுவி, பாலிதீன் உறையிட்டு, 13 கிலோ அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். பிறகு குளிர் அறையில் வைத்து காயின் சூட்டை இறக்குகிறார்கள். அதன்பின் நாற்பதடி ரீஃபர் கன்டெய்னரில் ஏறும் காய் சுமார் 20 டன்.

ரீஃபர் என்பது குளிரூட்டிய கன்டெய்னர். வாழைக்கு அதில் வைக்கும் அளவு 13 முதல் 14 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனால் தோலடியில் பழுப்புக் கோடு விழுந்து காய் கறுக்கும். மேலே போனால் பழுக்கத் தொடங்கும். வெட்டிய பிறகும் வாழைக்காய் மூச்சுவிடுகிறது. சூட்டையும் எத்திலீன் வாயுவையும் வெளிவிடுகிறது. ஒரு சீப்பு பழுத்தால் அதன் வாயுவே பக்கத்துச் சீப்பையும் பழுக்க வைத்துவிடும். அதனால் உள்ளே குளிர் காற்று ஓயாமல் சுழல வேண்டும். வெளிக்காற்றும் அளவாக நுழைய வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி தூத்துக்குடி போகும்வரை லாரியின் ஜென்செட், துறைமுக யார்டில் ஒரு பிளக், கப்பலில் ஒரு பிளக், வழியில் வேறு கப்பலுக்கு மாற்றும் துறைமுகத்தில் இன்னொரு பிளக் என்று கரண்ட் கைமாறிக்கொண்டே போகும்.

என்னிடம் வந்த நிறுவனத்தின் கன்டெய்னர் வளைகுடாத் துறைமுகத்தில் திறக்கப்பட்டபோது உள்ளே பாதிக்கு மேல் மஞ்சள். கதவுப் பக்கத்துப் பெட்டிகள் கையில் எடுத்தாலே குழைந்தன. வாங்கியவர் சரக்கைத் தள்ளிவிட்டு மீதிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். முன்பணம் வெட்டுக் கூலிக்கும் பெட்டிக்கும் சரியாகப் போனது. விவசாயிகளுக்குக் காய்ப்பணம் வரவில்லை.

குழுவில் மூத்தவர் என் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னது இது: “வக்கீல் தம்பி, காய வெட்டினது நாங்க. கழுவி அடுக்குனது எங்க பிள்ளைக. கதவச் சாத்தி சீல் வச்சப்புறம் உள்ள என்னா நடந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சவங்க யாரோ அவங்களச் சொல்ல வைக்கணும் பெரியப்பா” என்றேன். வழக்கு முழுக்க இந்த ஒரு வேலைதான்.

முதலில் காகிதங்களைப் பார்த்தேன். பில் ஆஃப் லேடிங், அதாவது துறைமுக வட்டாரத்தில் பி.எல். என்று சொல்லும் சரக்குச் சீட்டு, மூன்று அசல்களாகத் தருவது வழக்கம். பணம் வராததால் மூன்றும் இவர்களிடமே இருந்தன. ஆகவே வழக்குப் போடும் உரிமை இவர்களைவிட்டுப் போகவில்லை. பில்லில் வெப்ப அளவு 13.5 என்று அச்சாகியிருந்தது. பெட்டிகளின் எண்ணிக்கையும் இருந்தது. பின்பக்க நிபந்தனையில் தகராறுக்கு உரிய இடம் சென்னை நீதிமன்றம் என்று கண்டிருந்தது. பல கம்பெனிகளின் பில்லில் லண்டன் என்று இருக்கும். அப்படி இருந்திருந்தால் இத்தனை சிறிய தொகைக்கு வழக்கே நடத்தியிருக்க முடியாது.

அடுத்து நாள் கணக்கு. கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட்டுக்கு இவர்கள் மாதக்கணக்கில் மின்னஞ்சல் போட்டிருந்தார்கள். “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வந்ததும் சொல்கிறோம்” என்றே பதில் வந்துகொண்டிருந்தது. 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் கப்பல் கம்பெனி எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுபட்டுவிடும். நிலத் தகராறில் 12 ஆண்டுக் கெடுவைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்த ஓராண்டு பேரிடி. பேச்சுவார்த்தை நடப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. கெடுவை நீட்டுவதானால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் மூன்று மாதத்துக்கு மிகாமல் அனுமதி தர வேண்டும். இவர்களுக்கு அப்படி ஒரு நீட்டிப்பும் இல்லை. ஆண்டு முடிய அதிக நாளும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி, அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இதைக் கட்டாயம் என்றே தீர்ப்பளித்துவிட்டது. சமரசத்தில் செலவாகும் நாள்களைப் பொதுவான காலவரையறைச் சட்டத்தின் கணக்கிலிருந்து கழிக்கலாம். ஆனால் கப்பல் சட்டத்தின் ஓராண்டு என்பது உரிமையையே அழிக்கும் கெடு. அதற்கு இந்தக் கழிவு பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. கட்சிக்காரரின் பணத்தை வைத்து அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையிலேயே அவசரமான ஒன்று எங்கள் வழக்கில் இருந்தது. ரீஃபர் கன்டெய்னரின் முகப்பில் ஒரு கன்ட்ரோலர் உண்டு. உள்ளே செலுத்தும் காற்றின் வெப்பம், சரக்கைச் சுற்றித் திரும்பி வரும் காற்றின் வெப்பம், கரண்ட் வந்த நேரம், போன நேரம், எழுந்த எச்சரிக்கை எல்லாவற்றையும் அது மணிக்கு மணி பதிந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் நினைவகத்துக்கு ஓர் அளவு உண்டு. கன்டெய்னர் அடுத்தடுத்த பயணம் போகப் போகப் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். எங்கள் வாழைக்காய்க்கு என்ன நேர்ந்தது என்று அறிந்த ஒரே சாட்சி அது. இருந்ததோ எதிராளியின் கையில். அந்தப் பதிவை அழியாமல் காத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும் என்ற இடைக்கால மனுவோடு பிராதைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தேன்.

கப்பல் கம்பெனியின் எதிருரை எதிர்பார்த்தபடியே வந்தது. சரக்கை அடுக்கியதும் எண்ணியதும் அனுப்பியவர். கதவு பூட்டியே வந்தது. காய் சூட்டோடு ஏற்றப்பட்டிருக்கும். பழுப்பது வாழையின் இயல்பு. சரக்கின் சொந்த இயல்பால் வரும் கேட்டுக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. கடைசி வாதம் வலுவானது. அதை உடைக்க ஆதாரம் தேடிப் பேக் ஹவுஸுக்குப் போனேன்.

மேற்பார்வை பார்க்கும் அக்கா ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். அட்டையெல்லாம் வாழைப்பால் கறை. காய்க்குள் ஊசி வெப்பமானியைக் குத்தி எடுத்த அளவுகள் குளிர் அறையில் வைத்த நேரம், எடுத்த நேரம், கன்டெய்னரில் ஏற்றிய நேரம் என்று வரிசையாகத் தமிழில் எழுதப்பட்டிருந்தன. ஏற்றிய நாளின் அளவுகள் எல்லாம் 14ஐ ஒட்டியே இருந்தன. “யாரும் கேக்க மாட்டாகன்னுதான் நெனச்சேன் சார், ஆனாலும் எழுதாம விட்டதில்ல” என்றார். அந்த நோட்டு எங்கள் முதல் சான்றாவணம் ஆனது.

கன்ட்ரோலர் பதிவைத் தர எதிர்த்தரப்பு தயங்கியது. அது மின்னணு ஆவணம், சான்றிதழ் இல்லாமல் செல்லாது, சான்றிதழ் தர வேண்டியவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார்கள். அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துவைத்தேன். சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்றது அந்தத் தீர்ப்பு. கூடவே, ஆவணத்தை வைத்திருப்பவர் சான்றிதழ் தர மறுத்தால் நீதிமன்றமே உத்தரவிட்டு வாங்கலாம் என்றும் சொல்கிறது. பதிவைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய உத்தரவானது.

வந்த காகிதக் கட்டில் வரி வரியாக எண்கள். ரீஃபர் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் சில நாள்களில், உள்ளே போகும் காற்று பதின்மூன்றரை. திரும்பும் காற்று அதற்குச் சற்றே மேல். ஒரு நாளுக்குள் இரண்டும் நெருங்கிவிட்டன. காய் சூட்டோடு ஏற்றப்பட்டிருந்தால் திரும்பும் காற்று பல நாள் உயரத்திலேயே நின்றிருக்கும். “சூட்டோடு ஏற்றினார்கள்” என்ற வாதம் அவர்களுடைய காகிதத்திலேயே உடைந்துவிட்டது. அக்காவின் நோட்டும் கன்ட்ரோலரும் ஒரே கதையைச் சொல்லின.

பிறகு கப்பல் மாறும் துறைமுகத்தில், பதிவில் ஒரு பெரிய இடைவெளி. கரண்ட் துண்டிக்கப்பட்டதற்கான குறி, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, மீண்டும் கரண்ட் வந்ததற்கான குறி. அடுத்த வரியில் திரும்பும் காற்று 20ஐத் தாண்டியிருந்தது. மிச்சப் பயணம் முழுவதும் இயந்திரம் அதைக் கீழே இறக்கப் போராடியிருக்கிறது. காயோ அதற்குள் பழுக்கத் தொடங்கி, தானே சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. சரக்கை முறையாகவும் கவனத்தோடும் காப்பது கப்பல் கம்பெனியின் சட்டக் கடமை. பிளக்கில் மாட்டாமல் யார்டில் விட்டதை வாழையின் இயல்பு என்று சொல்ல முடியாது.

பதிவு தாக்கலான பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சமரசம் பேச வந்தார். நீதிமன்றத்தின் வழியாகச் சமரச மையத்துக்குப் போய், இன்வாய்ஸ் தொகையில் பெரும்பகுதிக்கு ஒப்பந்தமாகி, சமரசத் தீர்ப்பாணை பெற்றோம். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. விவசாயிகள் அவரவர் காய் எடைக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டார்கள்.

அதன்பின் கடல் வணிகம் வேகமாக மாறிவிட்டது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடல் தாக்குதல்களால் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கும் மேல் கூடினால், அழுகும் சரக்குக்கு அத்தனை நாளும் ஆபத்து. தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் புதிய சர்வதேச கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. ரீஃபர் கன்டெய்னர்களில் இப்போது மோடம் பொருத்துகிறார்கள். இருக்குமிடம், வெப்பம், கரண்ட் எல்லாம் செயற்கைக்கோள் வழியாகவும் செல்பேசி அலைவரிசை வழியாகவும் கம்பெனிக்கு உடனுக்குடன் போகின்றன. மேர்ஸ்க் நிறுவனம் 2017இலேயே இந்தத் தகவலை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட்டது. பிளக் கழன்ற சேதி சின்னமனூரில் இருப்பவரின் கைப்பேசிக்கு அந்த நிமிடமே வரக்கூடிய காலம் இது.

சட்டமும் மாறியிருக்கிறது. 1856ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டத்துக்கும் 1925ஆம் ஆண்டின் சரக்குச் சட்டத்துக்கும் பதிலாக நாடாளுமன்றம் 2025இல் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. மொழி எளிமையாகியிருக்கிறது, ஓராண்டுக் கெடு அப்படியே இருக்கிறது. சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கு இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும்.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் ஒரு குறை தீரவில்லை. சரக்கு விவசாயியுடையது, பதிவு கம்பெனியுடையது. வசதியுள்ள பெரிய ஏற்றுமதியாளர் கட்டணம் கட்டித் தகவலைப் பெறுகிறார். சின்னக் குழு வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. ரீஃபர் சரக்கு அனுப்புகிற எவரும் கேட்டால் அந்தப் பயணத்தின் முழுப் பதிவையும் குறிப்பிட்ட நாளுக்குள், கட்டணமில்லாமல், சான்றிதழோடு தர வேண்டும் என்று புதிய சட்டத்தின் விதிகளில் மத்திய கப்பல் துறை எழுத வேண்டும். தமிழக வேளாண் துறையும் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடாவும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை நம் பேக் ஹவுஸ்காரர்கள் செய்ய வேண்டியது இது. காயின் உள்வெப்பத்தை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு கன்டெய்னரிலும் சொந்தமாக ஒரு வெப்பப் பதிவுக் கருவியைப் பெட்டிக்குள் வையுங்கள். சேதத்தின் அளவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமில்லை. பில்லின் பின்பக்கத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்று புக்கிங் போடும் முன்பே பாருங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது குளிர்சாதனப் பழுதுக்கும் சேர்த்து எடுங்கள். சேதம் தெரிந்தால் மூன்று நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்து, இரு தரப்பும் சேர்ந்து சர்வே செய்யச் சொல்லுங்கள். பணம் வரும்வரை அசல் பி.எல்.லைக் கைவிடாதீர்கள். சரக்கு இறங்கிய தேதியைச் சுவரில் எழுதிவைத்து, ஓராண்டு முடிவதற்கு நெடுநாள் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.