ஹனிபா கச்சேரியும் மாடி ஜன்னலும்

நாகூர் இ.எம்.ஹனிபாவின் பாட்டைக் கேட்பது இன்று யாருக்கும் பெரிய காரியம் இல்லை. போனில் பெயரைத் தட்டினால் பாட்டுகள் வரிசையாக வந்து நிற்கும். 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டைத் தெரியாத தமிழ் வீடு அபூர்வம். 'இசை முரசு' என்று தமிழ்நாடு கொண்டாடிய அவர் 2015 ஏப்ரலில், 89 வயதில் காலமானார். ஸ்டூடியோவில் பதிவான அந்தக் குரல் மட்டும் தூசு தும்பில்லாமல் பளிச்சென்று அப்படியே இருக்கிறது.

ஆனாலும் நாகூரில் ஒருவர் அதே பாட்டுகளை ஒரு பழைய கேசட்டில்தான் கேட்பேன் என்கிறார். பாதி வார்த்தை புரியாது. மின்விசிறி இரைகிறது, குழந்தை அழுகிறது, யாரோ இருமுகிறார்கள். அறுபதை நெருங்கும் மனிதர், விவரம் தெரியாதவரும் இல்லை. நல்ல ஹெட்போன் வைத்திருக்கிறார். வீட்டிலிருப்பவர்கள், "இதுல என்னதான் இருக்கு?" என்று பலமுறை கேட்டுவிட்டார்கள்.

அந்த கேசட்டின் கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. கப்பலேறிப் பிழைக்கப் போகும் சபராளிகள் நாகூரில் தெருவுக்கு நாலு பேர் இருந்த காலம். எம்.வி.சிதம்பரம் கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1985-ல் தீ விபத்தில் சிக்கும்வரை அதுதான் பலருக்கும் ஊருக்கு வரும் வழி. திரும்பி வருகிறவர்களின் பெட்டியில் சென்ட், துணிமணி, தைலம் எல்லாவற்றுக்கும் நடுவில் துண்டில் சுற்றி ஒரு நேஷனல் பானாசோனிக் டேப்ரெக்கார்டர் இருக்கும். கைப்பிடி வைத்தது, முன்னால் பியானோ கட்டை மாதிரி பட்டன்கள், ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு மைக். ப்ளேவையும் ரெக்கார்டையும் சேர்த்து அமுக்கினால் போதும், யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த இந்தச் சின்ன கேசட், பதினைந்தே வருஷத்தில் நாகூர் வீடுகளின் மாடிவரை ஏறிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, தெருவில் ஒரு கலியாணம். பந்தலில் ஹனிபா கச்சேரி. ஆண்கள் கீழே பந்தலில், பெண்கள் மாடி ஜன்னல்களில். அவருடைய வாப்பா அப்போது சிங்கப்பூரில். "கச்சேரிய அப்படியே புடிச்சு அனுப்பு" என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம். உம்மா, டேப்ரெக்கார்டரை மாடி அறையில் ஒரு முக்காலியில் வைத்து, பட்டனை அமுக்கும் வேலையை மகனிடம் கொடுத்தார். ஊருக்கு வந்திருந்த ஒரு சபராளி திரும்பும்போது கேசட் அவரோடு போனது. கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது பரவலாக இருந்த பழக்கம். இதில் பேச்சுக்குப் பதில் கச்சேரி.

பதிவாக அதை எடைபோட்டால் நூற்றுக்கு இருபது மார்க் தேறாது. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் அதில் தெருவின் வரைபடமே இருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை விழுகிறது. பந்தலில் ஒரு குழாய் ஸ்பீக்கர், தெருமுனையில் இன்னொன்று. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று முப்பத்துநாலு மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால், அதன் சத்தம் பத்தில் ஒரு விநாடி தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தை வைத்தே டேப்ரெக்கார்டர் எந்தப் பக்கத்து மாடியில் இருந்தது என்று அவரால் சொல்ல முடிகிறது.

அந்தக் காலத்து டேப்ரெக்கார்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. சத்தம் அதிகமானால் தானாகவே அடக்கிக்கொள்ளும். அமைதியானால் தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும். பதிவு கெட்டுப்போகாமல் இருக்க வைத்த ஏற்பாடுதான். அதனால் நடப்பது வேடிக்கை. ஹனிபா உச்சத்தில் பாடும்போது தெருவே இல்லாததுபோல் ஒடுங்கிப்போகிறது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய மறுகணம், பின்னாலிருந்து கூட்டம் அலைபோல எழுந்து வருகிறது. ஹார்மோனியம் மட்டும் தனியாக இழுக்கும்போது வளையல் சத்தம் கேட்கிறது. பெண்கள் கிசுகிசுக்கிறார்கள். "சத்தம் போடாதீங்கடி, அதுல விழுந்துடும்" என்று ஒரு குரல். விழுந்துதான் இருக்கிறது.

இந்தப் பைத்தியம் நாகூருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் லெட் ஜெப்லின் போன்ற ஹார்ட் ராக் குழுக்களின் ரசிகர்கள் இதே மாதிரிப் பதிவுகளுக்காக உயிரை விடுகிறார்கள். ஸ்டூடியோ தட்டில் ஆறு நிமிஷத்துச் சொச்சம் ஓடும் ஒரு பாட்டை அந்தக் குழு மேடையில் அரை மணி நேரம்வரை இழுக்கும். அன்றைக்கு அந்த ஊரில் என்ன நடந்தது என்பது தட்டில் இருக்காது. அதனால் ரசிகர்களே மைக்கை ஒளித்து எடுத்துப் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மைக் மில்லார்ட் என்றொருவர் இருந்தார். சக்கர நாற்காலியில் வருபவர்போல வந்து, அதற்கடியில் பெரிய டேப்ரெக்கார்டரை மறைத்துக்கொண்டு அரங்குக்குள் போவார் என்று அவருடைய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1977 ஜூனில் அவர் பதிவு செய்த லெட் ஜெப்லின் கச்சேரியை இன்றும் ரசிகர்கள் பொக்கிஷம்போல வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழுவின் மேனேஜர் பீட்டர் கிராண்ட் ஆஜானுபாகுவான மனிதர். திருட்டுப் பதிவு என்றால் அவருக்கு ஆகாது. 1971-ல் கனடாவின் வான்கூவரில் கூட்டத்துக்குள் மைக்கோடு ஒரு கருவியைப் பார்த்ததும் நொறுக்கிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது சத்தம் எவ்வளவு என்று அளக்க வந்த கருவி! 'கிரேட்ஃபுல் டெட்' குழு இதற்கு நேர்மாறு. 1984-ல் பதிவு செய்ய வருபவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

மிக்சர் மேஜையிலிருந்து நேரடியாக எடுக்கும் பதிவு தெளிவாக இருக்கும். ஆனால் அதில் அரங்கம் இருக்காது. கூட்டத்தின் நடுவிலிருந்து எடுத்ததில் தெளிவு குறைவு, அரங்கம் முழுசாக இருக்கும். இரண்டில் எது உசத்தி என்று ராக் ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் பக்கத்துக் கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு இந்தச் சண்டை புரியும். மதுரை மணி ஐயர் மறைந்தது 1968-ல். இன்று அவரைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது கச்சேரியில் பதிவானதைத்தான். பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கிடைக்கும். அதற்குள் ராகம் எங்கே உட்காருவது?

நாகூரில் மைக்கை ஒளிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெருக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது.

விஷயத்துக்கு வருவோம். கேசட்டுக்கும் ஆயுள் உண்டு, அதுவும் கடற்கரை ஊரில். உப்புக்காற்றில் இரும்புத் திருகு துருப்பிடிக்கிறது, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. அவரிடம் இருந்த பல கேசட்டுகள் போய்விட்டன. மிஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்று அவருடைய மகள் ஒரு நாள் உட்கார்ந்தார். டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு, கச்சேரியை ஃபைலாக மாற்றினார். ஒரு ஆப் மூலம் இரைச்சலை எடுத்தார். ஏறி இறங்கிய சத்தத்தை ஒரே அளவாக்கினார். பாட்டுக்கு நடுவில் வரும் பேச்சையெல்லாம் வெட்டினார். சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவார்கள் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான், வேலையும் சுத்தம்.

வாப்பா ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் கழற்றிவிட்டார்.

"அந்த எடம் எங்க?"

"எந்த எடம் வாப்பா?"

"சட்டுனு ஒரு சத்தம் வருமே... முக்காலி இழுக்கற சத்தம்."

"அது வெறும் சத்தம்தானே வாப்பா. எடுத்துட்டேன்."

அவர் பழைய டேப்பையே போட்டுக் காட்டினார். மூன்றாவது பாட்டு தொடங்கி ஓர் அடி ஓடுகிறது. அறையில் பெண்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கரகரவென்று மரம் தரையில் இழுபடுகிறது, மைக்கில் ஏதோ இடிக்கிறது. அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் தேய்கிறது, பெண்களின் பேச்சு எங்கோ பின்னால் போய்விடுகிறது, தெரு உள்ளே வருகிறது. பாட்டின் சத்தம் கூடவில்லை, அறைதான் விலகிப்போகிறது. அந்த நிமிஷத்திலிருந்து ஹனிபாவின் வார்த்தைகள் ஒவ்வொன்றும் புரிகின்றன.

அந்தப் பாட்டு அவருடைய வாப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. உம்மா முக்காலியோடு டேப்ரெக்கார்டரை ஜன்னலுக்கு நகர்த்தியிருக்கிறார். மாடி நிறையப் பெண்கள் கூடியிருந்த இடம். கணவருக்கு என்று ஒரு வார்த்தை அவர் அந்த மைக்கில் பேசவில்லை. பேசியிருந்தால் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்திருப்பார்கள். கேசட் முழுக்கத் தேடினாலும் உம்மாவின் குரல் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும் மகனைப் பார்த்து, "கையை எடு" என்று.

மகள் அந்த இடத்தை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு தான் சுத்தம் செய்த ஃபைலிலும் அதே இடத்துக்குப் போனார். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி தெளிவாக ஹனிபா பாடிக்கொண்டிருந்தார். ஆப்பைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு பாட்டைத் தெளிவாக்கச் சொன்னார்கள், தெளிவாக்கியது. முக்காலியை யார், எதற்காக நகர்த்தினார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான், அவருக்கும் வயதாகிறது.

இப்போது வீட்டில் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. சொந்தக்காரர்களுக்குப் போனது சுத்தமானது. அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, காரில் போட்டுக் கேட்கிறார்களாம். மற்றது, கை வைக்காதது, மகளின் போனில் இருக்கிறது. எத்தனையாவது நிமிஷத்தில் என்ன கேட்கிறது, யார் இருமுகிறார்கள், "சத்தம் போடாதீங்கடி" என்றது யார் என்று வாப்பா சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார். இதுவரை ஏழு பேரின் பெயர் சேர்ந்திருக்கிறது. இரண்டு குரல்களுக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினால் தெரியலாம்.

கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் மூன்று கையெழுத்துகள். 'ஹனிபா, கலியாணக் கச்சேரி' என்பது உம்மாவுடையது. அதன் கீழே, 'டேப் சிக்குது, பார்த்துப் போடவும்' என்று வேறு மையில். ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கை, 'திருப்பித் தரவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. சிங்கப்பூரில் வாப்பாவோடு அறையில் தங்கியிருந்தவர்கள் யாராவது எழுதியிருக்க வேண்டும். எத்தனை பேர் கை மாறி, எத்தனை இரவு ஓடி, அது நாகூருக்குத் திரும்பியதோ.

B பக்கம் இன்னும் பாக்கி. பாதியில் நாடா ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டும் உதிர்ந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர், திருகு போட்ட வேறொரு கேசட் கூடு கொண்டுவந்தால் நாடாவை அதற்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓரம் ஒட்டிய கூடு வேண்டாம், திருகு போட்டதுதான் வேண்டும். அதைத்தான் இப்போது வீடு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.