பையை எடுத்த பிறகும் கரண்ட் எதற்கு?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து பையையே எடுத்தாகிவிட்டது. அப்புறமும் கரண்ட் எதற்கு? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடினால் எகிப்து வரை போக வேண்டியிருக்கிறது!

நைல் நதிக் கால்வாய்களில் ஒருவகை நத்தை உண்டு. அதற்குள் வளரும் ஒரு புழு, தண்ணீரில் இறங்கி வேலை செய்யும் விவசாயியின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கி வருடக்கணக்கில் புண்ணாக்கும். சிறுநீரில் ரத்தம் போகும். 1851ல் கெய்ரோவில் இருந்த ஜெர்மன் மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் இந்தப் புழுவைக் கண்டுபிடித்ததால் நோய்க்கு பில்ஹார்சியா என்று பெயர். ஆனால் நோய் அவரைவிட ரொம்பப் பழையது. சுமார் 3000 வருடத்து மம்மிகளின் சிறுநீரகத்தில் இந்த முட்டைகள் இருந்ததை 1910ல் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் புண் பலருக்குப் புற்றுநோயாக மாறியது. ரத்தம் போவது ஊரில் சகஜம் என்பதால் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பையை முழுதாக எடுத்தாலும், கத்திக்குத் தப்பிய செல்கள் அதே இடுப்புக்குள் மறுபடி வளர்ந்தன. தூர உறுப்புகளுக்குப் பரவுவதைவிட இதுதான் பெரிய தொல்லை.

அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தால் என்ன? ஒரு சிக்கல் இருந்தது. பை இருந்த காலி இடத்தில் குடல் இறங்கிவிடும், கதிர் குடலைப் பதம் பார்த்துவிடும். இதனால் மேலை நாடுகளில் பெரும்பாலும் இதைக் கைவிட்டார்கள். கெய்ரோவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் விடவில்லை. மருத்துவர் மொகமத் சக்லூல் குழு 236 நோயாளிகளை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் மட்டும். இரண்டாவதற்கு ஐந்து வாரக் கதிர்வீச்சு. மூன்றாவதற்குத் தினம் மூன்று வேளை, சின்னச் சின்ன அளவாக, 12 நாளில் முடித்துவிட்டார்கள். வேகமாக வளரும் கட்டிக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பது காரணம். வயலை விட்டு வந்தவருக்கு ஐந்து வாரத்துக்கும் 12 நாளுக்கும் உள்ள வித்தியாசம் சொல்லவே வேண்டாம்.

1992ல் முடிவு வெளியானது. ஐந்து வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 25 சதவீதம், ஐந்து வாரப் பிரிவில் 44, 12 நாள் பிரிவில் 49. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

2018ல் அதே குழுவினரின் இன்னொரு ஆய்வும் வந்தது. கீமோவோடு கதிர்வீச்சும் சேர்த்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு இரண்டு வருடம் வரை நோய் அதே இடத்தில் திரும்பவில்லை. கீமோ மட்டும் என்றால் 69. ஆனால் மொத்த ஆயுள் கூடியதா என்பது அதில் உறுதியாகவில்லை. அதனால் இதை எல்லோருக்கும் ஏற்ற மந்திரம் என்று சொல்ல முடியாது. குடலைத் தவிர்த்துக் குறி பார்க்கும் இன்றைய கருவிகளோடு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் இதைச் சோதித்திருக்கிறது.

நம் ஊரில் அந்தப் புழு இல்லை. ஆனால் புகையிலை இருக்கிறதே, அதுவும் இதே புற்றுநோயைக் கொண்டுவரும். சிறுநீரில் ஒரு தடவை ரத்தம் தெரிந்தாலும், வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். சீக்கிரம் போனால் பையே தப்பலாம். கரண்ட் பேச்சும் வராமல் போகலாம்.