பெருக்கலின் இரு முகங்கள்

சூதினைத் தமிழ் அறநூல்கள் கடிந்துரைத்துள்ளன. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, சூதில் கிட்டும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கிய மீனின் நிலைக்கு ஒப்பிட்டார். தோல்வியையன்றி வெற்றியையே அவர் தூண்டிலாகக் கண்டமை சிந்தனைக்குரியது. ஆயின், அத்தூண்டில் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை அறிய அறநூல் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். விளையாட்டுப் பந்தயங்களுள் கூட்டுப் பந்தயம் எனத்தக்க வகைக்கு இது சிறப்பாகப் பொருந்தும். இங்கிலாந்தில் உருப்பெற்ற இவ்வகை, அந்நாட்டுக் குதிரையோட்டங்களின் மீது பணம் கட்டும் வழக்கத்துடன் இலங்கையின் நகரங்களிலுள்ள பந்தயக் கடைகளுக்கும் வந்து பல தசாப்தங்கள் கழிந்துவிட்டன.

கூட்டுப் பந்தயத்தின் அடிப்படை எளியது. தனிப் பந்தயத்தில் ஒரு குதிரை வென்றதும் பணம் கைக்கு வரும், விடயம் முடிந்துவிடும். கூட்டுப் பந்தயத்திலோ முதற் குதிரை வென்று தந்த தொகை முழுவதும், முதலோடு சேர்ந்து, இரண்டாவது குதிரையின் மீது தானாகவே ஏறும். அது வென்றால் மூன்றாவதன் மீது ஏறும். இரண்டு குதிரைகள் இணைந்தால் 'டபிள்' என்றும் மூன்று இணைந்தால் 'ட்ரெபிள்' என்றும் கடைகளிற் கூறுவர். கொடுக்கப்படும் மடங்குகள் இங்கு கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. தொடரில் ஒன்று தவறினாலும் மீதி அனைத்தும் பூச்சியமாகும். பூச்சியத்தாற் பெருக்கிய எண்ணுக்கு வேறு கதி இல்லை.

இப்பெருக்கலின் ஆற்றலை உலகம் வியந்து கண்ட நாள் 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதியாகும். இங்கிலாந்தின் அஸ்கொட் திடலில் அன்று நடைபெற்ற ஏழு ஓட்டங்களிலும் பிராங்கி டெட்டோரி என்ற குதிரையோட்டி வென்றார். அவ்வேழு குதிரைகளுக்கும் ஓட்டத் தொடக்கத்தில் இருந்த விலைகள் முறையே 2-1, 12-1, 100-30, 7-1, 7-4, 5-4, 2-1 என்பன. 2-1 என்றால் ஒரு பவுணுக்கு இரண்டு பவுண் இலாபம். முதலையும் சேர்த்தால் மும்மடங்கு. இவ்வாறு ஏழினையும் மடங்குகளாக்கிப் பெருக்கினால் ஒரு பவுண் ஏறத்தாழ 25,096 பவுணாகின்றது. இவற்றையே கூட்டிப் பார்த்தால் நாற்பதைக்கூட எட்டாது. டெட்டோரியின் மீதுள்ள அபிமானத்தால் மட்டும் அவருடைய ஏழு குதிரைகளையும் இணைத்துச் சிறு தொகை கட்டிய எளிய மனிதர்கள் அன்று பெருஞ்செல்வம் பெற்றனர். பந்தய நிறுவனங்கள் பல மில்லியன் பவுண் இழந்தன. கடைசி ஓட்டத்தில் ஓடிய பூஜியாமா கிரெஸ்ட் என்ற குதிரைக்குக் காலையில் 12-1 என்றிருந்த விலை, தம் இழப்புக்கு அஞ்சிய நிறுவனங்கள் அதன் மீது தாமே பணம் குவித்தமையால், 2-1 ஆகச் சுருங்கிற்று. அக்குதிரை வென்றது ஒரு கழுத்து நீள இடைவெளியிலேயே. அந்தக் கழுத்து நீளம் பிந்தியிருந்தால், ஏழையும் ஒரே தொடராக்கியவர்களின் 25,096 பவுண் வெறும் பூச்சியமாகியிருக்கும்.

ஒன்று தவறினால் யாவும் தவறும் என்ற இந்த அச்சமே கூட்டுப் பந்தயத்தின் மற்றொரு வடிவத்தைப் பிறப்பித்தது. தெரிந்தெடுத்த குதிரைகளை ஒரே தொடராக்காமல், அவற்றிலிருந்து அமையக்கூடிய எல்லாச் சேர்மானங்களுக்கும் தனித்தனியே பணம் கட்டுவதே அது. நான்கு குதிரைகளிலிருந்து ஆறு டபிள்களும் நான்கு ட்ரெபிள்களும் நான்கும் சேர்ந்த ஒரு தொடரும் அமையும். இப்பதினொரு பந்தயங்களின் தொகுதிக்கு 'யாங்கி' என்று பெயர். ஆறு குதிரைகளிலிருந்து இவ்வாறு 57 பந்தயங்கள் அமையும். ஐம்பத்தேழு வகை உணவுகள் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் பெயரால் அதனை 'ஹைன்ஸ்' என்பர். ஆறு தனிப் பந்தயங்களையும் சேர்த்துக்கொண்டால் 63 ஆகும்; அதன் பெயர் 'லக்கி 63'.

இந்த 63 என்ற எண் நம் பண்பாட்டுக்குப் புதியதன்று. 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலில், ஆறு சுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் கலந்தால் எத்தனை வகைக் கறிகள் ஆக்கலாம் என்றொரு வினா உண்டு. ஒற்றைச் சுவை 6, இரட்டை 15, மும்மை 20, நான்மை 15, ஐந்து கூடியன 6, ஆறும் கூடியது 1, ஆக 63. அடுக்களையில் பிறந்த அக்கணக்கும் பந்தயக் கடையின் கணக்கும் ஒன்றே. ஆனால் அறுசுவைக் கணக்கில் ஒரு சுவை குறைந்தாற் கறி கெடுவதில்லை. பந்தயக் கணக்கில் ஒரு குதிரை குறைந்தால் 63இல் 32 பந்தயங்கள் உடனே மாண்டுபோகும்.

சேர்மானங்கள் பாதுகாப்புத் தருகின்றன என்பது பொதுவான நம்பிக்கை. அதனை ஓர் எடுத்துக்காட்டால் அளந்து நோக்கலாம். நாணயம் சுண்டுவது போல வெல்லவும் தோற்கவும் சமவாய்ப்புள்ள நான்கு போட்டிகள் உள்ளன எனக் கொள்க. நியாயமான கொடுப்பு இரு மடங்காகும். கடைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு 1.90 மடங்கே தருகின்றார். ஒருவர் சேர்மானமொன்றுக்கு 100 ரூபாவாக யாங்கி கட்டினால் அவர் கையிலிருந்து போவது 1,100 ரூபா. நான்கில் ஒன்று மட்டும் வென்றால் அவருக்கு எதுவும் இல்லை. இரண்டு வென்றால் ஒரேயொரு டபிள் தேறும். கிடைப்பது 361 ரூபா. அவருடைய கணிப்பிற் பாதி சரியாக அமைந்தது. பணத்திலோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. மூன்று வென்றாலே 1,769 ரூபா வந்து முதலைக் கடக்கும். நான்கும் வென்றால் 6,213 ரூபா. நேரத்தக்க பதினாறு முடிவுகளுள் பதினொன்று அவருக்கு நட்டமானவை. எனினும், அவற்றுள் ஆறு முடிவுகளில் கையில் சிறிது பணம் வருவதால், அவர் தம்மைத் தோற்றவராகக் கருதாமலே வீடு திரும்பக்கூடும்.

இதனினும் ஆழ்ந்த உண்மை ஒன்றுண்டு. மடங்குகள் பெருகும்போது கடைக்காரரின் பங்கும் பெருகுகின்றது. மேற்கூறிய விலையில் தனிப் பந்தயம் ஒன்றுக்குக் கட்டிய நூறு ரூபாவில், நெடுங்காலச் சராசரியாக, 95 ரூபா கட்டியவருக்குத் திரும்பும். நான்கு போட்டிகளை ஒரே தொடராக்கினால் திரும்புவது சுமார் 81 ரூபா, ஏழாக்கினால் 70, பத்தாக்கினால் 60. ஒவ்வோர் இணைப்பிலும் அதே ஐந்து வீதமே கழிகின்றது; ஆனால் பத்து முறை கழிகின்றது. கட்டியவரின் கண்ணுக்குத் துண்டின் அடியில் எழுதிய பெருந்தொகை தெரிகின்றது. அதே பெருக்கல் மறுபுறத்தில் செய்துவரும் தேய்வு எங்கும் எழுதப்படுவதில்லை. நிறுவனத்தைவிடத் துல்லியமாகக் கணிக்கவல்ல ஒருவர் இருப்பின், அவருக்குள்ள சிறு அனுகூலமும் இதே முறையிற் பெருகும் என்பது உண்மையே. அத்தகையோர் மிகச் சிலர். துண்டு எழுதுவோர் மிகப் பலர்.

பெருக்கல் செல்லுபடியாவதற்கு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதனவாக இருத்தல் வேண்டும். ஓர் அணி வெல்லும் என்பதும் அவ்வணியின் வீரர் ஒருவர் கோல் போடுவார் என்பதும் அத்தகையன அல்ல. ஒன்று நிகழ்ந்தால் மற்றதன் நிகழ்தகவும் உயரும். ஆதலால் அவ்விரண்டையும் வழமையான டபிளாக நிறுவனங்கள் ஏற்பதில்லை. அவற்றை இணைக்க விரும்புவோருக்குக் குறைந்த தனி விலையொன்றை வகுத்தே தருகின்றன. கணக்குத் தமக்குப் பாதகமாகும் இடத்தை நிறுவனங்கள் நன்கறியும். கட்டுவோரும் அவ்வாறு அறிதல் வேண்டுமல்லவா?

வள்ளுவரின் தூண்டிலை இங்கு மீண்டும் நினைத்தல் தகும். கூட்டுப் பந்தயத்தின் தூண்டில் வெற்றிகூட அன்று. வெற்றிக்கு ஒன்று குறைந்த தோல்வியே அது. சமவாய்ப்புள்ள ஏழு போட்டிகளைத் தொடராக்கினால் நேரத்தக்க முடிவுகள் 128. அவற்றுள் ஏழும் வெல்வது ஒன்று. ஒன்று மட்டும் தவறுவது ஏழு. எனவே, வென்ற துண்டு ஒன்றுக்கு 'ஒன்று தவறிய' துண்டுகள் ஏழு இருக்கும். ஒன்று தவறியவர், தாம் வெற்றியின் வாயில் வரை சென்று வந்ததாக எண்ணுகின்றார். தாம் கற்றுத் தேர்ந்து வருவதாகவும் எண்ணுகின்றார். உண்மையில் அவர் வாயிலுக்கு அருகே செல்லவில்லை. வாயிலுக்கு அருகே சென்றதாகத் தோன்றும் இடங்கள் பல என்பதே கணக்கின் இயல்பு. கைத்தொலைபேசியிலேயே பந்தயம் கட்டும் இக்காலத்தில் அத்தோற்றம் நாள்தோறும் அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்கின்றது.

இவ்வளவையும் அறிந்தவர்கள், பந்தயக் கடையில் நிற்கும் கூலித் தொழிலாளியை அறிவிலி என்று எளிதில் ஒதுக்கிவிடக்கூடும். அது நீதியன்று. நூறு ரூபா 190 ரூபாவானால் அவர் வாழ்வில் எதுவும் மாறுவதில்லை. கடன் தீராது, கூரை மாறாது. நூறு ரூபா இலட்சங்களாகும் வழி ஒன்றே அவருக்குப் பொருளுடையது; அவர் கைக்கு எட்டும் இடத்தில் அவ்வழியைக் காட்டுவது இத்துண்டு மட்டுமே. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வங்கி வைப்பும் உடையோருக்குப் பெருக்கல் நண்பனாகவே அறிமுகமாகியுள்ளது. அவர்களுடைய பணம் வட்டியோடு வட்டி சேர்ந்து வளரும். அவரோ பெருக்கலைக் கடன்காரரின் வட்டியிலேயே கண்டவர். தம்மை அழுத்திய அதே கணக்கு ஒருநாளேனும் தம் பக்கம் திரும்பாதா என்று அவர் எதிர்பார்ப்பதில் அறியாமையைவிட ஏக்கமே மிகுதி.

ஆகவே, கூட்டுப் பந்தயத்தின் கணக்கை அவருக்கு விளக்குதல் கடமையே. ஏழு தோல்விகள் ஏன் வெற்றி போலத் தோன்றுகின்றன, நூறு ரூபாவில் நாற்பது எங்கே கரைகின்றது என்பன எவருக்கும் ஒரு மாலைப்பொழுதில் விளங்கக்கூடியவை. ஆனால் அவ்விளக்கத்தோடு நின்றுவிடும் கல்வி அவரிடமிருந்து ஒரு நம்பிக்கையைப் பறித்து, அவ்விடத்தை வெறுமையாக விட்டுச் செல்லும். அவருடைய சிறு பணமும் வட்டியோடு பாதுகாப்பாக வளரும் வழியொன்று அவர் வாழும் தெருவிலே திறக்கப்படும்வரை, பந்தயக் கடைக் கதவைத் திறந்துவைப்பவர் கடைக்காரர் மட்டும் அல்லர்.